பாலத்து ஏற்றத்தில் ஒரு முறை

சலவைக் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளை ஓட்டுநர் மூன்றாவது முறையாகப் படித்தார். உள்ளே அவருடைய சீருடைச் சட்டைகள் இரண்டும் மடித்துத் தயாராக இருந்தன. கடைக்காரப் பெண் அவரைப் பார்த்துத் தலையாட்டியும் ஆயிற்று. அவர் கால் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. ‘பெண்கள் சைக்கிள் விற்பனைக்கு. நீல நிறம். ஆறு வருடம் நான் மட்டுமே ஓட்டியது. பாலத்து ஏற்றத்தில் ஒரு முறை விழுந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.’ கீழே ஒரு முகவரி. கையெழுத்து சின்னச் சின்னதாக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக இழைத்து வைத்தது போல இருந்தது.

பாலத்து ஏற்றம் என்றால் ஊரில் ஒன்றுதான். சைக்கிளுக்கென்று வெள்ளைக் கோடு போட்டு ஒதுக்கிய பாதை பாலத்துக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் சைக்கிளும் பேருந்தும் லாரியும் ஒரே குறுகலான தாரில் முட்டி மோதிக்கொண்டுதான் ஏற வேண்டும். பத்தொன்பது வருடமாக அவர் அந்தப் பாலத்தில் ஏறி இறங்குகிறார். டிப்போவில் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பட்டப்பெயர். அவர் வண்டியைப் பார்த்துத்தான் நிறுத்தத்தில் இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று மேலாளர் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும், அன்றைக்கு மழை. நான்கு நிமிடம் தாமதம். ஏற்றத்தில் முன்னால் ஒரு சைக்கிள், தலைமுழுக்க மூடிய மழைக்கோட்டு, மிதிக்கிற வேகத்துக்குத் தள்ளிக்கொண்டே போயிருக்கலாம். ஹாரன் அடித்தார். அது ஓரம் ஒதுங்கியது, அல்லது ஒதுங்கியது போல இருந்தது. எதிரே வண்டி வருவதற்குள் தாண்டிவிடலாம் என்று ஏறி மிதித்தார். எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். கதவுக் கீலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டார் என்பதுதான் சரி. பயணிகள் பக்கத்துக் கண்ணாடியெல்லாம் மூச்சுக் காற்றில் வெளுத்துக் கிடந்ததால் யாரும் எதையும் பார்க்கவில்லை.

மதியம் டிப்போவில் பார்த்தபோது, ஓரப் பக்கத் தகட்டில், இடுப்பு உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கருப்புக் கோடு. ரப்பர் இழுத்த கோடு. ஈரத் துணியால் துடைத்தார், போகவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார், போய்விட்டது. துடைத்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று தெரிந்ததால் அந்தப் பக்கம் முழுவதையும் துடைத்தார். பக்கத்து வண்டிக்காரர், “என்ன நிமிஷம், பொண்ணு பாக்க வர்றாங்களா உன் வண்டியை?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. யாராவது வருவார்கள், கேட்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தார். வரவில்லை. வராதது நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை. சைக்கிளைக் கண்டாலே பிரேக்கில் கால் போனது. முன்னால் போகிற சைக்கிளைத் தாண்டாமல் பின்னாலேயே ஊர்ந்து, ஒரு வாரத்தில் மூன்று முறை தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். “உக்காந்த எடத்துல ரெண்டு நிமிஷம் இருக்க மாட்டேங்கறீங்க,” என்றாள் மனைவி. துணிக்கடையில் அளவு திருத்தும் வேலை அவளுக்கு. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகியவள். “என்ன ஆச்சுன்னு கேட்டா ஒண்ணும் இல்லங்கறீங்க. ஒண்ணும் இல்லாமயா இப்படி அலையறீங்க?” அவர் மறுபடி ஜன்னலுக்குப் போனார். சொன்னால் அது நடந்ததாகிவிடும்.

சட்டைகளை வாங்காமலே அந்த முகவரிக்கு நடந்தார். நடக்கும்போது, சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டார். வேறு யாரோ, வேறு நாளில் விழுந்திருக்கலாம். ஆள் எழுந்து நடமாடுகிறார் என்று தெரிந்தால் போதும்.

கதவைத் திறந்தது முப்பது வயதுக்காரன், சைக்கிள்கார அம்மாவின் மகன். “சைக்கிளுக்கா? வாங்க சார்,” என்று மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய் விளக்கைப் போட்டான். அம்மா பின்னாலேயே வந்தார். ஐம்பத்தெட்டு, அறுபது இருக்கும். ஒல்லியான ஆள். முழங்கையில் பட்டையாகத் துணிக்கட்டு. மூன்று எட்டு எடுத்து வைப்பதற்குள் இரண்டு முறை சுவரைத் தொட்டார்.

“வீட்டுல யாருக்கு?” என்று கேட்டார்.

“எனக்கு… என் மனைவிக்கு,” என்றார் ஓட்டுநர்.

“உயரமா அவங்க? சீட்டை ஏத்திக்கலாம். செயின் போன மாசம்தான் மாத்தினேன். விழுந்ததைப் பத்தி எழுதியிருந்தேன், பாத்தீங்க இல்ல? வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் தலை சுத்திடுச்சு.”

“தலை சுத்திச்சா?”

“அப்படித்தான் டாக்டர் சொல்றார். எனக்கு அந்த நேரம் மட்டும் ஞாபகம் இல்ல. மழை பெய்யுது, ஏத்தத்துல மிதிக்கறேன். அடுத்தது பாத்தா நடைபாதையில கிடக்கேன், ஒருத்தர் குடை பிடிச்சிட்டு நிக்கறார். நடுவுல ஒண்ணும் இல்ல.” சிரிக்கப் பார்த்தார். “நான் பல் செட் செய்யற இடத்துல வேலை பாக்கறேன். மெழுகை நெருப்புல காட்டிப் பல்லு பல்லா செதுக்கணும். இப்போ நெருப்புக்கிட்ட உக்கார விட மாட்டேங்கறாங்க. திடீர்னு மயக்கம் போட்டுட்டா? அதனால அட்டைப் பெட்டி ஒட்டறேன். செவ்வாய்க்கிழமை இன்னொரு ஸ்கேன்.”

“வயசாச்சும்மா, அதை ஒத்துக்கோ,” என்றான் மகன். கோபமாக இல்லை. பலமுறை சொல்லி வழுவழுப்பான வாக்கியமாக இருந்தது. “சைக்கிள் இனிமே வேணாம். அவ்வளவுதான். சார், நீங்க பாருங்க.”

ஓட்டுநர் குனிந்து பார்த்தார். பத்தொன்பது வருடம் வண்டிகளின் உடம்பைப் பார்த்த கண். ஓரப் பக்கத்து மிதிகட்டை தேய்ந்திருந்தது, பிரேக் கம்பி வளைந்திருந்தது. அது தரையில் விழுந்த பக்கம். எதிர்ப் பக்கம், வண்டிகள் போகிற பக்கம், கைப்பிடியின் ரப்பர் முனை பிய்ந்து தொங்கியது. அந்தக் கிழிசலின் ஓரத்தில் பேருந்தின் பச்சை வண்ணம் மாவு போல ஒட்டியிருந்தது. விரலால் தொட்டார். வரவில்லை. இந்தச் சைக்கிளை இப்போதே வாங்கித் தள்ளிக்கொண்டு போய்விட்டால், அந்தக் கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டால், உலகத்தில் இதைத் தெரிந்தவர் ஒருவர்தான். அந்த நினைப்பு வந்த வேகத்தில் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். இந்த அம்மாள் மிச்சக் காலம் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அட்டைப் பெட்டி ஒட்டுவார்.

“எந்தப் பக்கம் விழுந்தீங்க?” என்று கேட்டார். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

அம்மாள் கட்டுப் போட்ட முழங்கையைக் காட்டினார்.

“இது அந்தப் பக்கம் இல்லைங்க. இந்த ரப்பர் தரையில பட்டுக் கிழியல.”

மகன் நிமிர்ந்தான். “என்ன சொல்றீங்க?”

“உங்க அம்மாவுக்குத் தலை சுத்தலப்பா. பேருந்து இடிச்சிருக்கு.” மூச்சை இழுத்துக்கொண்டார். “நான் இடிச்சேன். நான்தான் அந்த வண்டி ஓட்டினேன்.”

மகனின் சத்தம்தான் முதலில் எழுந்தது, யாரு நீங்க, எதுக்கு வந்தீங்க, சைக்கிளை வாங்கிட்டுப் போய் மறைக்கலாம்னா என்று. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். ஓட்டுநர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் தலை குனிந்தது.

அம்மாள் படியில் உட்கார்ந்திருந்தார். “சும்மா இருடா கொஞ்சம்,” என்றார் மகனிடம். பிறகு ஓட்டுநரிடம், “நான் விழுந்ததைப் பாத்தீங்களா?”

“பாக்கல.” அப்புறம், “பாக்கக் கூடாதுன்னு பாக்கல,” என்றார்.

“அப்போ எனக்கு மயக்கம் வரல.”

“இல்லைங்க.”

“இருபத்தி நாலு நாள்,” என்றார் அவர். குரல் உயரவில்லை. “பல்லு தேய்க்கும்போது கூட குழாயைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கறேன். தனியாக் குளிக்கப் பயம். கண்ணை மூடினா தலைக்குள்ள என்னமோ வளருதுன்னு தோணும். என் தலைய நானே நம்பாம இருபத்தி நாலு நாள் இருந்திருக்கேன். நீங்க தினமும் அந்தப் பாலத்து வழியாத்தானே போனீங்க?”

“ஆமாங்க.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அந்த இடத்தில் அதைச் சொல்வது அந்த அம்மாளிடமே இன்னொன்றைக் கேட்டு வாங்குவது போல இருந்ததால் விழுங்கிக்கொண்டார். மகன் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினான். “எழுதுங்க. எல்லாத்தையும்.” ஓட்டுநர் சுவரில் தாளை வைத்து எழுதினார். பணியாளர் எண், வண்டி எண், தேதி, காலை ஏழு நாற்பத்தொன்பது. துடைத்த கோட்டைப் பற்றியும் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்போது டிப்போ, மேலாளரின் முகம், மனைவியின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின. ஆனாலும் பல நாட்களுக்குப் பிறகு கால்கள் ஓர் இடத்தில் நின்றன.

“டாக்டர்கிட்ட இதைக் காட்டணும்,” என்றான் மகன் தாளை வாங்கிக்கொண்டு. “அப்புறம் எங்க போகணுமோ அங்க. நீங்க இங்கயே இருங்க சார், போயிடாதீங்க.”

“போகல.”

அம்மாள் எழுந்தார். இந்த முறை சுவரைத் தொடவில்லை. சைக்கிளின் தாங்கியைக் காலால் தட்டி மடக்கினார்.

“அம்மா, என்ன பண்றே? கை இன்னும் ஆறல.”

“தள்ளு.”

“ஸ்கேன் பாத்துட்டு, டாக்டர் சொன்னப்புறம்…”

“தள்ளுடா. தெருமுனை வரைக்கும்தான்.”

அவன் ஓட்டுநரைப் பார்த்தான், ஏதோ அவர் தடுத்துவிடுவார் என்பது போல. ஓட்டுநர் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். அம்மாள் தெருவில் இறங்கி, ஒரு காலைப் பெடலில் வைத்து, மறு காலால் இரண்டு முறை தரையை உதைத்தார். சக்கரம் பாம்பு போல நெளிந்தது. மகன் ஓட ஆரம்பித்து நின்றான். நெளிவு குறைந்தது. உட்கார்ந்துவிட்டார்.

மாலை வெயில் தெருவின் ஒரு பாதியில் மட்டும் விழுந்திருந்தது. பின்னாலிருந்து தண்ணீர்க் கேன் ஏற்றிய வேன் ஒன்று வந்து, ஹாரன் அடித்து, ஓரமாக நுழையப் பார்த்தது. அவர் ஓரம் ஒதுங்கவில்லை. தெருவின் நடுவிலேயே, அவசரமில்லாமல் மிதித்தார். வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. வாசலில் நின்ற இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் வைத்தார்கள். முனைக்கு வந்ததும் அவர் கட்டுப் போட்ட கையை மெல்ல எடுத்து, பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு நீட்டினார். வலித்திருக்க வேண்டும், முதுகு ஒரு கணம் விறைத்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை. வேன் நின்றது. அதன் பின்னால் ஒரு காரும் நின்றது. நீட்டிய கையோடு அவர் அகலமாக வளைந்து திரும்ப, அவிழ்ந்த கட்டின் நுனி காற்றில் படபடத்தது.