கோஹுவின் பாதங்களுக்கு ஒரு தரை

ஐல்சா பகலெல்லாம் வெறுங்காலோடு இருப்பவள். ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. எந்த ஓடு வழுக்கும், எது உராயும், எங்கே வெயில் பட்டுச் சுடும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் பாதத்தாலேயே சொல்லிவிடுவாள். அதனால்தானோ என்னவோ, கோஹுவின் பின்னங்காலடியில் இருந்த புண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தன் உள்ளங்கால் எரிந்தது.

கோஹு ஒரு சின்சில்லா. முயலாகலாமா அணிலாகலாமா என்று யோசித்துக்கொண்டே நடுவில் நின்றுவிட்ட மாதிரி ஒரு உருவம். கைவைத்தால் விரல் எங்கே போயிற்று என்று தேடவேண்டிய அளவுக்கு அடர்ந்த சாம்பல் ரோமம். மாவோரி மொழியில் மூடுபனிக்குக் கோஹு என்று பேர், ரேவி வைத்தது. வாங்கிய காலத்தில் ரேவியும் ஐல்சாவும் கணவன் மனைவி. அது ஆயிற்று பதின்மூன்று வருஷம். கல்யாணம் பாதியில் முடிந்துபோயிற்று, கோஹு இருந்தான்.

"இருபது வருஷம்கூட இருக்கும்னு கடைக்காரன் சொன்னான். நம்மளப் பத்தி அவன் ஒன்னும் சொல்லல" என்று பிரிகிற அன்று ரேவி சொன்னான். அன்று ஐல்சாவுக்குக் கோபம் வந்தது. பிறகு தனியாக இருக்கும்போது இரண்டொரு தடவை அதை நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

கோஹு ரேவியோடு போனான். கூண்டு ஆளுயரம், ஐல்சாவின் சின்ன வீட்டுக்குள் நுழையாது என்று இருவரும் அப்போது சொல்லிக்கொண்டார்கள். இந்தக் கோடையில் ரேவி ஆப்ரிகாட் தோட்டத்து வேலைக்காக அங்கேயே ஒரு கேரவனில் தங்கும்படி ஆயிற்று. பூமியின் அந்தத் தென்பாதியில் பிப்ரவரிதான் உச்சக் கோடை; வெயிலில் அந்தத் தகரப் பெட்டி அடுப்பாகக் கொதித்தது. சின்சில்லாவுக்குச் சூடு ஆகவே ஆகாது. ஒரு சனிக்கிழமை காலையில், கூண்டை வண்டியின் பின்பக்கம் நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, ஐல்சாவின் வாசலில் வந்து நின்றான். கூண்டு கதவு வழியாக நுழைந்தது. இரண்டு விரல் இடம் மிச்சமும் இருந்தது.

வெயில் வடக்கிலிருந்து விழும் ஊர் அது; தெற்குப் பக்கத்து அறைதான் வீட்டிலேயே குளிர்ச்சி. கூண்டை அங்கே வைத்தார்கள். ரேவி போன பிறகு கோஹுவைத் தூக்கி மடியில் வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு குதிகாலிலும் தோல் தடித்து, வெடித்து, நடுவில் செக்கச்செவேலென்று இருந்தது. கூண்டுக்குள் கையை விட்டுத் தடவினாள். நான்கு தட்டும் வெறும் கம்பி வலை.

கால்நடை மருத்துவர் மொய்ரா நிதானமானவர். கோஹுவின் காலை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"களிம்பு தரேன் ஐல்சா. ஆனா அது பாதி வேலைதான் செய்யும். விடிய விடியக் குதிக்கிறான், ஒவ்வொரு தடவையும் கம்பி மேலயே இறங்குறான். தரைய மாத்துங்க."

"எத போடட்டும்?"

"கீழ கெட்டியா, மேல மெத்துனு. ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. எதப் போட்டாலும் இவன் கடிச்சுப் பாப்பான். வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்னு யோசிச்சுட்டுப் போடுங்க. பூனைக்குப் போடுற மண்ணு வேண்டவே வேணாம், உள்ள போய்க் கட்டியாயிடும்."

வீட்டுக்கு வந்ததும் ரேவிக்குப் போன் போட்டாள்.

"பதிமூணு வருஷமா அந்தக் கம்பியிலதான் இருக்கான்" என்றான் ரேவி.

"அதான் புண்ணு."

"கழுவ வசதியா இருக்கும்னு நீயுந்தானே சொன்ன, டீச்சரம்மா?"

சொன்னாள்தான். ஐல்சா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ரேவி ஒரு மூட்டையோடு வந்தான். தெரிந்தவருடைய மரப்பட்டறையிலிருந்து வாரிக்கொண்டு வந்த மேக்ரோகார்ப்பா மரச்சீவல். மூட்டையின் வாயைத் திறந்ததும் அறையே மணத்தது. எலுமிச்சைத் தோலும் மழைக்குப் பின் காடும் கலந்த ஒரு வாசனை. கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்த வீட்டைச் சுற்றி அந்த மரம்தான் வேலியாக நின்றது. காற்றடிக்கிற நாளில் ஜன்னலைத் திறந்தால் படுக்கைவரை வரும் வாசனை அது. வலை மேல் அட்டையை விரித்து, சீவலைக் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டார்கள். வேலை முடிந்ததும் ரேவி தோட்டத்துக்குத் திரும்பிவிட்டான்.

திரையை இழுத்துவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே சாய்ந்தாள் ஐல்சா. கோஹு மேல்தட்டில் உருண்டையாகத் தூங்கினான். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. உள்ளே திரை வழியாக வந்த வெளிச்சம் நீருக்கடியில் இருப்பது போலப் பச்சையாக அசைந்தது. வாசனை அவளை மெல்ல மூடியது. நடந்துகொண்டிருந்தாள். உயரமான மலை ஒன்று, மரமே இல்லை, ஆனால் தரை முழுக்கச் சுருள் சுருளாக மரச்சீவல். கால் வைத்த இடமெல்லாம் உள்வாங்கியது. முன்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ குதித்துப் போனது. அது மூடுபனியா, கோஹுவா என்று தெரியவில்லை. பின்னால் யாரோ வருகிற சத்தம். திரும்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை, வரட்டும் என்று இருந்தது.

மலை தும்மியது.

கண் விழித்தாள். பொழுது சாய்ந்து அறை மங்கியிருந்தது. மறுபடி தும்மல், சின்னதாக, காகிதம் கிழிகிற மாதிரி. கோஹு விழித்து மேல்தட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். இந்த நேரத்துக்குச் சுவரில் மோதி மோதிப் பாயவேண்டியவன், கீழே இறங்க மாட்டேன் என்று ஒடுங்கிக் கிடந்தான். கண்ணோரம் ஈரம். மூச்சு வேகமாக ஏறி இறங்கியது.

மொய்ரா போனில் கேட்ட முதல் கேள்வி, "வாசன வருதா?"

"வீடு பூரா வருது."

"அப்ப உடனே எடுங்க. நமக்கு அது வாசன, அவன் நுரையீரலுக்கு அது எரிச்சல். தேவதாரு, மேக்ரோகார்ப்பா, இந்த மணக்கிற மரம் எதுவும் ஆகாது. மரச்சீவல்தான் வேணும்னா சூளையில காயவெச்ச பைன் வாங்குங்க. மூக்குகிட்ட வெச்சா ஒன்னும் தெரியக் கூடாது."

ஐல்சா கோஹுவைக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஜன்னல்களைத் திறந்தாள். சீவலை வாளி வாளியாக அள்ளிக் கொல்லையில் கொட்டினாள். கூண்டை வெந்நீரால் கழுவினாள். கழுவக் கழுவக் கையில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டே இருந்தது. தனக்கு இவ்வளவு பிடித்த ஒன்று இன்னொரு உயிருக்கு மூச்சை அடைத்துவிட்டதே என்று நினைத்து மறுபடி கையைத் தேய்த்தாள். ரேவியைத் திட்டலாம் என்று போனை எடுத்தாள். கூடவே அள்ளிப் போட்டது தன் கைகளும்தான் என்று தோன்ற, நடந்ததை மட்டும் சொன்னாள்.

"மூச்சு இப்ப எப்படி இருக்கு?" என்றான் ரேவி.

"பரவால்ல. குழாயக் கடிச்சுகிட்டு இருக்கான்."

"ஞாயித்துக்கிழம வரேன். இந்தத் தடவ மூட்ட இல்லாம."

அதுவரைக்கும் பழைய துண்டுகளை விரித்து வைத்தாள். இரண்டாம் நாளே துண்டின் நூல் வளையத்தில் கோஹுவின் நகம் சிக்கிக்கொண்டது. கத்தரியால் ஒவ்வொரு நூலாக வெட்டி விடுவித்தாள். அவன் இதயம் அவள் உள்ளங்கையில் படபடத்தது.

ஞாயிற்றுக்கிழமை ரேவி ரம்பமும் பிளைவுட் பலகையும் கொண்டுவந்தான். பெயின்ட் இல்லை, மருந்தடிக்காத பலகை. அதைக் கடையில் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டானாம். உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கூடத்தில் ஐல்சா பலகைத் துண்டு, துண்டுத்துணி, கம்பளத் துண்டு, ஒரு கை பைன் சீவல், மெத்தென்ற ஃபிளீஸ் துணி எல்லாவற்றையும் வரிசையாக விரித்து, கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா தூக்கத்துல நடக்குறாங்க போல" என்றான்.

"சத்தம் போடாத. ஷூவக் கழட்டிட்டு நீயும் வா."

"நானா? என் காலு மாட்டுக் காலு. அதுக்கு என்ன தெரியும்?"

"வான்னா வா."

கழட்டினான். கண்ணையும் மூடினான். இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, அந்தச் சின்னக் கூடத்தில் நடந்தார்கள். ஃபிளீஸ் வந்த இடத்தில் ரேவி நின்றான்.

"இதான்" என்றான், கண்ணைத் திறக்காமலே. பிறகு திறந்து குனிந்து பார்த்தான். "இரு, இது என்னோட பச்ச ஜாக்கெட்டு இல்ல? அஞ்சு வருஷமாத் தேடிட்டு இருக்கேன்!"

"கெடச்சிருச்சில்ல, சந்தோஷப்படு."

"வெட்டிட்டியே, பாவி!"

"கோஹு போட்டுக்கட்டும். உன்னவிட அவனுக்கு நல்லாருக்கும்."

மாலைவரை வேலை நடந்தது. ரேவி ஒவ்வொரு தட்டின் அளவுக்கும் பலகை அறுத்து, முனைகளைத் தேய்த்து மழுக்கினான். ஐல்சா ஃபிளீஸைப் பலகை மேல் இழுத்து, ஓரத்தை அடிப்பக்கமாக மடித்துச் சொருகினாள். விளிம்பு வெளியே தெரிந்தால் கோஹு அங்கேதான் கடிக்கத் தொடங்குவான் என்று மொய்ரா எச்சரித்திருந்தார். கடித்தால் மாற்றுவதற்கென்று இன்னொரு ஜோடியும் தைத்து வைத்தாள். அடித்தட்டில் மட்டும் வாசனையில்லாத பைன் சீவலைப் பரப்பினார்கள். ஆற்றோரத்திலிருந்து ரேவி எடுத்துவந்த தட்டையான சாம்பல் கல்லைக் கழுவி நடுத்தட்டில் வைத்தார்கள், வெயில் நாளில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுக்க.

விளக்கு போடுகிற நேரத்தில் கோஹு இறங்கினான். ஒரு கால் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஃபிளீஸை முகர்ந்தான். பிறகு ஒரே பாய்ச்சலில் சுவரை உதைத்து நான்கு தட்டும் சுற்றி வந்தான். எப்போதும் கடகடவென்று அதிரும் கூண்டிலிருந்து இப்போது மெத்து மெத்தென்ற ஒலி மட்டும்தான் வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறிப்போனது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ரேவி வந்தான். துணி மாற்றவும் களிம்பு தடவவும் இரண்டு பேர் வேண்டும் என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள். ஏப்ரலில் தோட்டத்து இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பருவ வேலை முடிந்து ரேவி ஊருக்குள்ளேயே வீடு பார்த்துவிட்டான், தெற்குப் பக்கம் ஒரு குளிர்ந்த அறையோடு.

கோஹுவைக் கூட்டிப்போக வந்தான். கயிறுகூட வண்டியில் இருந்தது. புண் சுத்தமாக ஆறிவிட்டது என்று மொய்ரா சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஐல்சா அதை ரேவியிடம் போனிலேயே சொல்லியும் இருந்தாள்.

ரேவி கோஹுவைத் தூக்கிப் பின்னங்காலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான். பாதம் குழந்தையின் உதடு போல இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது. நெடுநேரம் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் ரணம் இருக்கோ?" என்றான்.

ஐல்சாவும் குனிந்து பார்த்தாள். ரணம் எங்கேயும் இல்லை.

"ஆமா, ஓரத்துல லேசா இருக்கு" என்றாள்.

"இப்ப போய் இடம் மாத்துனா சரியா வராது."

"வராது."

கோஹுவைக் கூண்டுக்குள் விட்டான் ரேவி. கோஹு பகல் தூக்கம் கலைந்த கோபத்தில் ஃபிளீஸை இரண்டு தடவை பிறாண்டிவிட்டுச் சுருண்டுகொண்டான். ஐல்சா சமையலறைக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கூடத்தில் ரேவி ஷூவைக் கழட்டுகிற சத்தம் கேட்டது.