விரலில் இறுகிய சட்டை

தையல்காரி வீட்டில் வளர்ப்பதற்கென்று ஒரு பல்லியை வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அது உரித்த சட்டை இரண்டு முன்கால்களின் விரல்களிலும் நூல் சுற்றியதுபோல் இறுகி, ஒரு விரல் கறுத்தே போயிருந்தது.

"வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சு, ஈரப் பஞ்சால மெதுவாத் தள்ளுங்க. இழுத்தா விரலே வந்துடும்," என்று மருத்துவர் போனில் சொல்லியிருந்தார்.

ஊறவைத்தாயிற்று. பல்லியென்றாலே பத்தடி தள்ளி நிற்கும் கணவர்தான் இப்போது அதைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தார்.

"வாலைத் தொட்டுடாதீங்க. பயந்தா கழட்டிப் போட்டுடும்."

"எனக்கு வால் இருந்தா இந்நேரம் நானே கழட்டிப் போட்டிருப்பேன். சட்டை பிரிக்கிறது உனக்கென்ன புதுசா? சீக்கிரம் பாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரப் பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தள்ளினாள். மூன்று விரல்களில் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கறுத்த விரலில் மட்டும் அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினாள். தோல் கழன்றது. கூடவே விரல் நுனியும் பஞ்சோடு வந்தது.

"போச்சு," என்றாள்.

கணவர் குனிந்து பார்த்தார். மிஞ்சிய விரலில் மெல்லச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"நுனிதான் போச்சு. விரல் தப்பிச்சுது. இன்னொரு காலையும் பாத்துடு, நான் பிடிச்சுக்கறேன்," என்றார்.