நீலம் சேர்க்காத நீலம்

...நீலமே சேர்க்கவில்லையே, ஒரு துளிகூட இல்லை, வெள்ளையும் கருப்பும்தானே, கருப்பு கொஞ்சம் நீலம் காட்டும் என்று பழுப்பு வேறு கலந்தாயிற்று, பிறகு எங்கேயிருந்து வந்து தொலைகிறது இது, என்று வில்மா கத்தியால் மறுபடியும் சுரண்டினாள், கலவைப் பலகையில் நல்ல பிள்ளையாகச் சாம்பல், கித்தானில் அந்த ஆரஞ்சு நிறத்துக்குப் பக்கத்தில் வைத்ததும் நீலம்... தெரியாததா என்ன, புரூக்ளின் பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தானே, நிறவட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் சோடிகள், சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம், ஒன்றைக் காட்டினால் கண் மற்றதைத் தேடும், கிடைக்காவிட்டால் பக்கத்திலிருக்கும் சாம்பலின் மேல் தானே பூசிக்கொள்ளும்... சொல்லிக்கொடுக்க என்ன, வாய் வலிக்கவா போகிறது. ஆப்பிளை வரைந்திருந்தால் அதன் நிழல் என்று சொல்லித் தப்பிக்கலாம், இங்கே ஆப்பிளும் இல்லை மேசையும் இல்லை, ஒரு நிறமும் அதன் பக்கத்து நிறமும்தான், அதுவும் சரியில்லையென்றால் வேறு என்ன மிச்சம்? மதியம் காட்சிக்கூடத்து வண்டி வந்துவிடும், முதல்முறையாக என் படம் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள், என் கணவன் ரஸ்ஸலுடையதை நாலு கேட்டார்கள், நாலும் காய்ந்து, கட்டி, வாசலில் தயாராக நிற்கின்றன.

"இன்னுமா அந்த நீலத்தோட மல்லுக்கட்டுறே?" ரஸ்ஸல் கோட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். அது நீலமில்லை, சாம்பல், என்றாள். "என் கண்ணு என்ன பொட்டையா? நேத்தே சொன்னேன், உறுத்துது, ஆரஞ்சை அடக்கிடு, எல்லாம் அடங்கிடும்." "எல்லாம் அடங்கணும்னு உங்கிட்ட யாரு கேட்டா?" "அடடா, கோவத்தைப் பாரு! பேகல் ரொட்டி வாங்கிட்டு வரேன், எள்ளு போட்டதா, சாதாவா?" எதையாவது வாங்கு, போ, என்றாள், படிக்கட்டு முழுக்க அவன் சீட்டியடித்துக்கொண்டு இறங்குவது கேட்டது, எப்படித்தான் முடிகிறதோ இந்த மனுஷனுக்கு.

அடக்குவதாம்... ஒரு அட்டையை எடுத்து ஆரஞ்சை மறைத்துப் பார்த்தாள், அவன் சொன்னபடியே, நீலம் பட்டென்று போய்விட்டது, சாம்பல் வெறும் சாம்பலாக, மழைநாள் நடைபாதை மாதிரி கிடந்தது, உறுத்தவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. அட்டையை எடுத்தாள். நீலம் வந்தது, வந்ததும் ஆரஞ்சு ஓரடி முன்னால் நகர்ந்து நின்றது, அட, இதையா காலையிலிருந்து சுரண்டிச் சுரண்டித் துரத்திக்கொண்டிருந்தேன், எனக்கா உறுத்தியது, நேற்று அவன் சொல்வதற்கு முன்னால் எனக்கு உறுத்தியதா? அவளுக்கு நினைவு வரவில்லை, எரிச்சலாக வந்தது, சுரண்டிய இடத்தில் அதே சாம்பலைத் தடிமனாக அப்பினாள், ஆரஞ்சின் விளிம்புவரை, இடைவெளி விடாமல், ஈரத்தோடே எடுத்துப் போகட்டும், கை நிற்கவேயில்லை, எவ்வளவு நாளாயிற்று இப்படிக் கை ஓடி... இவ்வளவுதான், முடிந்தது, இது என் படம், என்று பின்னால் நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே கதவு திறந்தது, ரஸ்ஸலின் இருமல், படிகளில் அவன் செருமல்... அவன் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்வதற்குள் ஈரம் படாமல் படத்தைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்துவிட்டிருந்தாள், ஊரே பார்க்கப்போகிற படத்தை, பயமா, இல்லை, பயம் மாதிரியும் இல்லை, பிறகு எதற்காகத் திருப்பினேன்...