வரிசையில் முப்பத்தெட்டாவது

நான்கு நாட்களாக எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. எங்கள் கணக்கு விடையை எவ்வளவு நெருங்குகிறது என்று காட்டும் கோடு திரையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இறங்க இறங்க நல்லதுதான், ஆனால் ஒரு பிசிறுகூட இல்லை. எங்கள் வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள். மேசைக்கடியில் இருக்கும் சாதாரணக் கணினி ஒரு யூகத்தைச் சொல்லும். நாங்கள் பார்த்தேயிராத ஏதோ ஒரு கட்டடத்தில், உறைகுளிரில் உட்கார்ந்திருக்கும் குவாண்டம் இயந்திரம் கிளவுட் வழியாக அதை வாங்கிச் சோதித்துப் பதில் அனுப்பும். இது திருத்தும், அது மறுபடி சோதிக்கும். அந்த மகராசி ஒருநாளும் சுத்தமாகப் பதில் சொன்னதில்லை. ஒரே கேள்வியை நூறு தடவை கேட்டால் பத்துப் பதினைந்து தடவையாவது உளறுவாள். நான்கு நாட்களாக உளறவே இல்லை.

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். போன வாரம் சோதனைக்காகச் சிமுலேட்டருக்கு மாற்றிய ஒரு வரி அப்படியே இருந்தது. என் வேலை கிளவுட் வரைக்கும் போய், அசல் இயந்திரத்தைத் தொடாமல், பிழையே செய்யத் தெரியாத அதன் நகலிடம் கேட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் இன்று மூன்று மணிக்கு எங்கள் ஆய்வை நடத்தும் சார், நிதி தரும் குழுவிடம் காட்டப்போகிறார். குழு தலையாட்டினால் எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை. இல்லையென்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பக்கத்து மேசை அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"வாயத் திறக்காத. பாக்கறவங்களுக்கு ரெண்டும் கோடுதான்," என்றாள். ஆனால் அவளே என் நாற்காலியைத் தள்ளிவிட்டு அசல் இயந்திரத்துக்கான க்யூவைத் திறந்து பார்த்தாள். "முப்பத்தேழு பேர் முன்னாடி நிக்கறாங்கடி."

வரியை மாற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். சாப்பிடப் போகவில்லை. முப்பத்தொன்று. இருபத்தாறு. கால் மணி நேரம் இருபத்தாறிலேயே நின்றது. யாரென்றே தெரியாத அந்த இருபத்தாறு பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். மற்றவர்கள் ஓரிரு நிமிடத்தில் முடித்து நகர, இரண்டே காலுக்கு என் முறை வந்தது. ஒருவருக்கு அதிகபட்சம் பதினைந்து நிமிடம், அதற்குமேல் இயந்திரம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கோடு ஏறியது, இறங்கியது, குடித்தவன் நடை நடந்தது. இறங்கத்தான் செய்கிறது என்று தோன்ற ஆரம்பித்தபோது நேரம் முடிந்து பாதியில் நின்றது.

மடிக்கணினியோடு சாரின் அறைக்கு ஓடினேன்.

"சார், நம்ம கோடு அசல் மெஷின்ல ஓடவே இல்ல. தப்பு என்னோடது. இதுதான் அசல்."

திட்டியிருந்தால் அழுது தொலைத்திருப்பேன். அவர் திட்டவில்லை. பிசிறடித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் அந்தக் குழுவை விட்டால் கதியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னால இத நின்னு சொல்ல முடியாதும்மா. நீயே வந்து காட்டு. எதைக் காட்டறதுன்னும் நீயே பாத்துக்க."

அறையில் குழுவினர் ஆறு பேர் இருந்தார்கள். கேபிளைச் செருகினேன். சுத்தமான படம்தான் முன்னால் திறந்திருந்தது. அதை மூடினேன்.

பாதியில் நின்ற கோடு சுவரில் விழுந்தது. கடைசி நாற்காலியில் இருந்த அம்மாள் எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சுவரை ஒட்டி வந்து நின்றார். கோடு அறுந்த இடத்தில் விரலை வைத்தார். மற்றதையெல்லாம் அவர் நிழல் மறைத்தது. விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பி, "இதுக்கு மேல இன்னும் எவ்வளவு நேரம் ஓடணும்?" என்றார்.