மழை நாளில் பார்க்க வேண்டிய வீடு

அந்த மத்தியான மழையில் முற்றத்தில் இருந்தவர்கள்: விற்பவர் டெல்பர்ட், அவருடைய கிழட்டு நாய், வாங்கலாமா என்று பார்க்க வந்த ஹார்லன், வேண்டாம் என்று சொல்வதற்காகவே கூட வந்த அவன் மனைவி ஜோலீன்.

மிச்சிகனில் பழைய டிரெய்லரை வெயில் நாளில் போய்ப் பார்க்கிறவன் ஏமாளி. கூரை எங்கே ஒழுகும் என்பதை மழைதான் சொல்லும். அதனால் வானம் கறுக்கும்வரை ஹார்லன் காத்திருந்தான். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற அந்தத் தகர வீட்டில் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருந்தன. குளிர்காலம் முழுக்க அதோடு வெயிலடிக்கும் அரிசோனாவில் போய்க் கிடக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

ஜோலீனின் கணக்கு வேறு. ஹார்லனுக்கு டயர் ஆலையில் இராத்திரி ஷிப்ட். அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் வேலை. கல்யாணமான நாள் முதல், அவன் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவன் திரும்பும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். சண்டை போடாத ஜோடி என்று ஊரில் பெயர். சண்டை போட நேரம் கிடைத்தால்தானே. இப்போது இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. வீட்டில் ஆளுக்கொரு அறை இருந்ததால் இதுவரை தப்பித்தார்கள். இந்தப் பெட்டிக்குள் இவனோடு அடைந்து கிடந்தால், பாதியிலேயே தான் மட்டும் பஸ் ஏறித் திரும்ப வேண்டியிருக்கும் என்று அவள் பயந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்பதற்கு ஓர் ஒழுகல் கிடைத்தால் போதும்.

உள்ளே ஆப்பிள் வாசனை மெழுகுவர்த்தி ஒன்று எரிந்தது. ஏறியதும் ஹார்லன் முதல் வேலையாக அதை ஊதி அணைத்துவிட்டு, பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று மூக்கை உறிஞ்சினான்.

"நான் எதையும் மறைக்கலப்பா," என்றார் டெல்பர்ட்.

"நானும் ஒண்ணும் சொல்லலயே."

டெல்பர்ட் பேச ஆரம்பித்தார். புது டயர், புது பேட்டரி, நாளைக் காலை பார்க்க வரப்போகிற இன்னொரு ஜோடி. ஹார்லன் டார்ச்சோடு மூலை மூலையாகச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு போனான். அமுங்கினால் உள்ளே பலகை ஊறி அழுகிவிட்டது என்று அர்த்தம். ஜோலீன் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தாள். நடுவழியில் ஒருவரையொருவர் தாண்ட, இருவரும் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்க வேண்டியிருந்தது.

"அது என்ன பாட்டு?" அப்படி ஒட்டி நின்றபடியே கேட்டான்.

"எது?"

"நீ முனகிக்கிட்டே இருக்கியே."

"சமையலறையிலயும் சொல்வாங்க. நான் எப்பவும் இப்படித்தானாம்."

"எப்பவுமா?"

அவன் முகத்தில் எரிச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. சுவரை அழுத்தும்போது இருந்த அதே முகம்.

அதன்பின் அவளும் அவனைக் கவனித்தாள். ஒவ்வொரு அலமாரிக் கதவையும் இடுக்கில் விரல் கொடுத்து, சத்தமே வராமல் மூடினான். டார்ச்சைக்கூட மேசையில் வைக்காமல் மெத்தைமேல் வைத்தான்.

"ஏன் திருட வந்தவன் மாதிரி மூடுற?"

அவன் தன் கையைப் பார்த்தான். "நீ தூங்கிட்டிருப்பே."

"பகல் ரெண்டு மணி, ஹார்லன்."

"கை பழகிடுச்சு. நான் என்ன பண்ண?"

அவன் வேலைக்குக் கிளம்பிப் போனது ஒரு ராத்திரிகூட அவளுக்குத் தெரிந்ததில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நழுவுகிற ஆள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். வேறு எதையெல்லாம் இப்படித் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று யோசனை வந்தது.

கட்டிலின் தலைமாட்டு மூலையில் பழுப்பாக ஒரு கறை. பழைய கறை, கூரையை அடைத்தாயிற்று என்றார் டெல்பர்ட். ஹார்லன் அழுத்தினான். அமுங்கியதா இல்லையா என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. மழை வலுத்தது. ஒழுகினால் சொட்டுகிற சத்தம் கேட்கும், ஆனால் டெல்பர்ட் வாயை மூடினால்தானே.

ஜோலீன் தேடி வந்த காரணம் கண்ணெதிரே இருந்தது. கறையைக் காட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"டெல்பர்ட், நாயைக் கூட்டிக்கிட்டுப் போய் காபி குடிங்க. மழை நிக்கிற வரைக்கும் நாங்க இங்கயே இருந்து பார்க்கிறோம்."

"ராத்திரி வரைக்கும் நிக்காதும்மா."

"தெரியும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நாயோடு இறங்கினார். கதவைச் சாத்த ஹார்லன் விரலை இடுக்கில் கொடுத்தான். ஜோலீன் வயிற்றை எக்கி அவனைத் தாண்டிப் போய், அவன் கையை விலக்கி, சுவர் அதிரும்படி கதவை அறைந்து மூடிப் பூட்டினாள்.