ஆறாவது நாற்காலி

இதில் வருவது அத்தனையும் உண்மை. சோற்றுத் தட்டின் மேல் கை வைத்துச் செய்கிற சத்தியம் இது. தட்டில் சோறும் இருக்கிறது, ஆவியும் பறக்கிறது, பொய் சொன்னால் கை வெந்துபோகும். நம்பாதவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் உட்காருங்கள். உட்காருவதைப் பற்றித்தான் கதையே.

ரசமட்டம் என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு தச்சர் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி மிதக்குமே, தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்ததால் வந்த பெயர். விருந்துக்குப் போனால்கூட முதலில் மேசை மேல் அதை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை நனைப்பார். அவர் செய்த மேசை ஒன்றில் யாரோ ஒரு கடுகை வைத்தார்கள். எந்தப் பக்கம் உருளுவது என்று தீர்மானிக்க முடியாமல் அது அங்கேயே கிடந்து முளைத்துவிட்டது.

அவரிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. ஒருவர் உட்காருவதை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், அவருக்கான நாற்காலியின் உயரமும் ஆழமும் சாய்வும் மண்டைக்குள் ஏறிவிடும். டேப் எடுக்கவே மாட்டார். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்து தூங்கிய யாரோ ஒருவருக்கு, அவர் இறங்குவதற்குள் மனசிலேயே ஒரு சாய்வு நாற்காலி செய்து வார்னிஷும் அடித்து முடித்தவர்.

அப்படிப்பட்டவரின் வீட்டில் இருந்த சாப்பாட்டு மேசை மட்டும் லேசாக ஆடும். குமிழி ஒரு நூல் அளவு சமையலறைப் பக்கமாக ஒதுங்கியே நிற்கும். காலைச் சீவிப் பார்த்தார், கட்டை கொடுத்துப் பார்த்தார், மரத்தை விற்றவனைத் திட்டியும் பார்த்தார். குமிழி அசையவில்லை.

மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள். அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, வேலைக்குப் போகிற மகன்கள் இருவருக்கும் ஒவ்வொன்று, விருந்தாளிக்கு ஒன்று. விருந்தாளி நாற்காலிக்கு மட்டும் பூப்போட்ட உறை. வீட்டில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் "அஞ்சு" என்பார். நாற்காலி எத்தனை என்றாலும் "அஞ்சு" என்பார். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சாப்பிடுகிற ஐந்தாவது ஆள் அவர் மனைவி. அந்த அம்மா சாப்பிடுவது சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், நின்றுகொண்டு, எல்லாரும் எழுந்த பிறகு. மீனில் தலைக்கும் வாலுக்கும் நடுவில் உள்ளதெல்லாம் மேசைக்குப் போய்விடும். முட்டை, உடம்பு வளர்க்க வேண்டிய ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. ஆம்பளைப் பிள்ளைகள் வளர்ந்து கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வந்த பிறகும் வளர்ந்துகொண்டேதான் இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அந்த அம்மா பாத்திரம் கழுவும் இடத்தில் மயங்கி விழுந்தார். விழும்போதும் கையிலிருந்த கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். பாத்திரத்துக்கு ஒரு கீறல் இல்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் பெண் டாக்டர் நாடி பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"சாப்டீங்களாம்மா?"

"ஆச்சு."

"எப்ப?"

"எல்லாரும் சாப்ட பிறகு."

"என்ன சாப்டீங்க?"

"இருந்தது."

"இருந்ததுன்னா? அது காயா, கறியா?"

"இருந்ததுதாங்க."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கி ரசமட்டத்தைப் பார்த்தார். "நீங்க எத்தனை தடவை சோறு வாங்குவீங்க?"

"மூணு." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஆம்பளை இல்லீங்களா."

"ஏறி நில்லுங்க." எடைக் கருவி முனகியது. டாக்டர் இரண்டு பேர் எடையையும் குறித்துக்கொண்டார். "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டி ரெண்டால வகுத்தா, ஆரோக்கியமா ரெண்டு பேர் கிடைப்பாங்க. இப்ப ஒருத்தருக்கு ரத்தம் இல்லை, ஒருத்தருக்கு ரத்தம் முழுக்க சர்க்கரை."

பிறகு கேலியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இவங்க முதல்ல சாப்பிடணும். சூடா சாப்பிடணும். உட்கார்ந்து சாப்பிடணும். இதுக்கு மாத்திரை கிடையாது. இப்படியே போய் இன்னொரு தடவை விழுந்தா, எழுந்திருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் ரசமட்டம் விருந்தாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு."

"ஐயோ, அது விருந்தாளிக்கு. திடீர்னு யாராவது வந்துட்டா?"

"இத்தனை வருஷத்துல அதுல ஒருத்தரும் உட்காரலையே."

"அதான் சொல்றேன். இனிமேதான வரணும்."

சரி, புதிதாகச் செய்துவிடுவோம் என்று பட்டறைக்குப் போய் நல்ல பலகையாகப் பார்த்து எடுத்தார். பென்சிலைக் காதிலிருந்து உருவினார். பென்சில் பலகைக்கு வரவில்லை, அந்தரத்திலேயே நின்றது.

அளவு தெரியவில்லை.

கண்ணை மூடி, மனைவி உட்கார்ந்திருந்த ஒரு காட்சியைத் தேடினார். கல்யாணப் போட்டோ? இருவரும் நின்றார்கள். பஸ்? கூட்டம், நின்றார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது? தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். டாக்டர் வீட்டில் உட்கார்ந்தார்தான், ஆனால் இவர் அப்போது எடைக் கருவியை முறைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் தூங்கியவனின் முழங்கால் உயரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கட்டிய மனைவியின் முழங்கால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் மடங்கும் என்று தெரியவில்லை.

திரும்பி வந்து, "கொஞ்சம் உட்காரேன், பார்த்துக்கறேன்" என்றார்.

"அடுப்புல பால் இருக்குங்க." வாசலில் யாரோ கூப்பிட, அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு ஓடினார். "பாலைப் பாத்துக்கங்க!"

அப்படித்தான் ரசமட்டம் தன் சமையலறைக்குள் நுழைந்தார். வீடு கட்டியபோது அலமாரிக்குக் கதவு மாட்ட உள்ளே போனவர், அதற்குப் பிறகு எட்டிப் பார்த்ததோடு சரி. கை பழக்கத்தில் பைக்குள் போனது. கருவியை அடுப்பருகே தரையில் வைத்தார். அது தடுமாறி, ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது.

குனிந்து பார்த்தார். சிமெண்ட் தரையில் இரண்டு பாதங்கள். யாரும் செதுக்கவில்லை. நின்று நின்று இறங்கியவை. ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றலாம், அவ்வளவு ஆழம். அந்தத் தரை எப்படிப்பட்டது என்றால், குழாய் பதிக்க வந்தவர்கள் கடப்பாரை வளைந்துபோய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிய தரை.

ரசமட்டம் மண்டியிட்டார். தச்சர் கண்ணல்லவா, விரலை விட்டுத் தடவியதும் புரிந்துவிட்டது. முன்பாதம் ஆழமாக இருந்தது, குதிகால் மேலாக இருந்தது. நிம்மதியாக நிற்கிற ஆளின் தடம் இல்லை அது. கூப்பிட்டதும் ஓடத் தயாராக, விரல் நுனியில் நிற்கிற ஆளின் தடம். மேசையின் குமிழி ஏன் சமையலறைப் பக்கமாக ஒதுங்குகிறது என்பதும் தெரிந்துபோனது. அந்தப் பக்கம் உட்கார ஆளே இல்லை, கனம் இல்லாத பக்கத்துக்குத்தானே குமிழி ஏறும். மரத்தை விற்றவனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அந்தத் தடங்களுக்குள் ஏறி நின்றார். அவர் பாதம் பெரிது, விரல்கள் மட்டும்தான் இறங்கின. இறங்கியதும் கெண்டைக்கால் வழியாக ஏதோ மேலே ஏறியது. தரை பேசியது.

"அம்மா, தண்ணி!" சின்ன மகனின் மழலைக் குரல். "அம்மா, உப்பு பத்தலை!" பெரியவன், குரல் உடைகிற வயசில். "ஏம்மா, அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளேன்." அப்பா. நடுநடுவே ஒரு கட்டைக் குரல், "இன்னும் கொஞ்சம் சோறு... இந்தா, எங்க போயிட்ட?" அதை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அது அவருடையது.

எத்தனையோ வருஷத்துக் கூப்பாடு அடுக்கடுக்காக ஏறி வந்தது. ரசமட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தார். "நீ சாப்டியா?" என்று அந்தக் கட்டைக் குரல் எங்கேயாவது ஒரு தடவை கேட்டிருக்கும், இருந்தே ஆக வேண்டும் என்று நின்றார்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அந்தக் கேள்வி வரவே இல்லை.

பாதத்தின் நீளத்திலிருந்து முழங்கால் உயரத்தைக் கணக்குப் போட்டார். பள்ளத்தின் ஆழத்திலிருந்து, பலகை எத்தனை வருஷத்துக் களைப்பைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். இழைக்கத் தொடங்கினார். மரச்சுருள் பட்டறை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போக, வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயின.

மனைவியின் தம்பி வந்து எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, அக்காவுக்கு சிம்மாசனமா? அவ உட்கார்ந்துட்டா கரண்டியை யார் பிடிப்பாங்க?"

"நான்தான் மாப்ள."

"பிடிங்க, பிடிங்க. மீசை சட்டிக்குள்ள விழாம பாத்துக்கங்க."

ரசமட்டம் இழைப்பதை நிறுத்தவில்லை. "நீ எத்தனை தடவை சோறு வாங்குவ?"

"நாலு!"

"உங்க வீட்டு சமையலறையில தரையைப் பார்த்தியா?"

"தரையில என்ன இருக்கு?"

"போய்ப் பாரு."

போனவன் அன்று மாலையே ஒரு பலகையோடு வந்து பட்டறை வாசலில் நின்றான்.

ஆறாவது நாற்காலி மேசைக்கு வந்தது. அந்த அம்மா அதைத் தடவினார், துடைத்தார், சுற்றி வந்தார். கடைசியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் பெரிய மகன் "அம்மா" என்றான். "உப்பு" இன்னும் அவன் தொண்டையில்தான் இருந்தது, உப்பு அவன் தட்டருகே வந்துவிட்டது. ரசமட்டம் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார். அடுத்த முறை நாற்காலியும் இடுப்போடு எழுந்து சமையலறைக்குப் போய், தண்ணீர்ச் செம்போடு திரும்பி வந்தது.

"கோளாறு நாற்காலியில இல்லைப்பா," என்றார் ரசமட்டத்தின் அப்பா. "நம்ம வாயில இருக்கு."

அதன்படி மறுநாள் ஏற்பாடு. யாரும் எதையும் கேட்கக் கூடாது. வேண்டியதை எழுந்துபோய் எடுக்க வேண்டும். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடி மகன்கள் இருவரும் சமையலறைக்குள் காணாமல் போய், மாவு அப்பிய முகத்தோடு திரும்பினார்கள். பெரியவரான அப்பா "ஏம்மா..." என்று தொடங்கி, மீதியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். அடுப்பருகே அந்தத் தடங்களில் விரலை ஊன்றி நின்ற ரசமட்டம், சட்டியிலிருந்து எடுத்த முதல் கரண்டியை, ஆவி பறக்கப் பறக்க, ஆறாவது நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டில் போட்டார். மீனின் நடுத்துண்டு.

அந்த அம்மா ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இதை யாரு சமைச்சது?"

"நீதான்."

"பொய் சொல்லாதீங்க. நான் சமைக்கிறது இவ்வளவு நல்லா இருக்காது."

பெரியவரின் கை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது. தன் கைச் சமையலை அந்த அம்மா சூடாகச் சாப்பிட்டதே இல்லை. எல்லாரும் ருசித்ததை, ஆறிப்போய், அடிப்பிடித்து, மிச்சம் இருந்ததாக மட்டுமே அறிந்தவர்.

"நீதாம்மா," என்றான் சின்ன மகன். "தினமும் இப்படித்தாம்மா இருக்கும்."

"அப்படியா?" என்று அந்த அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ பெரிய மனுஷியின் கையைப் பார்க்கிற மாதிரி. பிறகு சாப்பிடத் தொடங்கினார். அதைச் சாப்பாடு என்று சொன்னால் போதாது. ஜன்னலுக்கு வெளியே தபால்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பஸ் நின்றது, உள்ளே இருந்தவர்கள் தலையை நீட்டினார்கள், ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒருத்தர்கூட அவசரம் என்று சொல்லவில்லை. அந்த அம்மாவின் கன்னத்தில் நிறம் ஏற ஏற, கூடத்தில் வெளிச்சம் கூடியதால், பெரியவர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார்.

ரசமட்டம் மேசையின் மேல் கருவியை வைத்தார். குமிழி புறப்பட்டது. அவசரமே இல்லாமல் நகர்ந்து வந்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில், முதல் முறையாக, நின்றது. மேசை ஆடவில்லை. அவர் வாழ்க்கையில் எத்தனையோ மேசைகளில் குமிழி நடுவில் நின்றதைப் பார்த்தவர்தான். இதைப் பார்த்துத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க," என்றார் அந்த அம்மா, தட்டிலிருந்து தலை நிமிராமல். "இன்னும் ஒரு கரண்டி போடுங்க."

கேட்டது பெரிய விஷயம். போட்டது சின்ன விஷயம். ஆனாலும் கரண்டியோடு அவர் ஓடிய வேகத்தில் தரை அதிர்ந்தது.

அடுத்த தடவை டாக்டர் வீட்டில் எடைக் கருவி முனகவில்லை. அந்த அம்மாவின் ரத்தம் ஏறியிருந்தது, ரசமட்டத்தின் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"அப்படி என்னதாங்க சாப்டீங்க?" என்று ரசமட்டத்தைக் கேட்டார்.

"இருந்தது," என்றார் ரசமட்டம்.

அந்த வீட்டு மேசையைச் சுற்றி இன்றைக்கு இருப்பவை ஐந்து நாற்காலிகள், ஒன்றுக்குப் பூப்போட்ட உறை. ரசமட்டத்தின் நாற்காலி சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது.