வாளியைத் திறக்காத ரீச்சர்

சாருகாவுக்கு லோஞ்ச் படகின் எஞ்சின் சத்தம் ஆகாது. நயினாதீவு இறங்குதுறையில் அது உறுமத் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிடுவாள். தூக்கினால் தன் கையையே கடித்துக்கொள்வாள். அவளுடைய தகப்பன் றஜீபன் அதே லோஞ்சில்தான் கயிறு பிடிக்கிறான். ஊர்ச்சனம் முழுவதையும் அக்கரை சேர்க்கிறவனுக்குத் தன் மகளை மட்டும் கொண்டுபோக முடியவில்லை.

பிள்ளைக்கு எட்டு வயது, பேச்சு இல்லை. மூன்று வயதில் நித்திரையோடு தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்க் காட்டியபோது, வைத்தியர் ஆட்டிசம் என்று சொல்லி, விசேட கல்வி அலகு உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னார். அப்படி ஒரு வகுப்பு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தீவில் இல்லை. அதனால் தாய் நிலாந்தி மகளை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே முதலாம் ஆண்டு வகுப்பின் மூலையில் கொண்டுவந்து இருத்திவிட்டு, தானும் வெளியில் மரத்தடியில் காத்திருப்பாள்.

அந்த வகுப்பின் ஆசிரியை பைரவி. முப்பது பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துக்கொண்டே மூலையில் ஆடிக்கொண்டிருக்கும் சாருகாவைப் பார்ப்பாள். ஒன்றும் செய்யத் தெரியாது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அதிபர் இராசநாயகத்திடம் போனாள்.

"சேர், இஞ்சையே ஒரு அலகு திறக்க ஏலாதோ?"

"நான் கேக்காமலோ இருக்கிறன், ரீச்சர்? தகைமையுள்ள ஆசிரியர் இருந்தால்தான் அலகு தருவினம். விசேட கல்வி படிச்ச ஆக்கள் தீவுக்கு வரமாட்டினம். வந்தாலும் அடுத்த லோஞ்சிலை இடமாற்றம் கேட்டு ஓடிவிடுவினம்."

"அப்ப தீவிலை இருக்கிற ஆரும் அதைப் படிச்சால்?"

"ஆர் படிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்த அதிபர், அவள் முகத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பைரவிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பிறந்ததும் குருக்கள் வீடு, வாழ்க்கைப்பட்டதும் குருக்கள் வீடு. வீட்டிலிருந்தே படித்து வெளிவாரியாகப் பட்டம் எடுத்திருந்தாள். பயிற்சி நெறியில் சேர அந்தப் பட்டமும் கற்பித்த வருடங்களும் போதும் என்றார்கள். ஆனால் அது வாசற்படி மட்டும்தான். அதற்குமேல் இரண்டு வருடம் சனி, ஞாயிறு யாழ்ப்பாணத்தில் விரிவுரை. தவணைக்குத் தவணை பரீட்சை. ஒரு பிள்ளையைத் தொடர்ந்து அவதானித்து எழுதும் ஆய்வு. எல்லாவற்றுக்கும் கடைசியில் கற்பித்தல் மதிப்பீடு: விரிவுரையாளர் வகுப்புக்கே வந்திருந்து பார்ப்பார். மற்றதெல்லாம் சித்தியடைந்தாலும் இதில் தவறினால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் நியமனம் இல்லை.

நேர்முகத் தேர்வில், "இந்த வயசிலை, அதுவும் கடல் கடந்து வந்து ஏன் படிக்கப் போறியள்?" என்று கேட்டார்கள்.

"பிள்ளைக்குக் கடல் தாண்ட ஏலாது. எனக்கு ஏலும்," என்றாள் பைரவி.

அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமைகளில் விடியமுன் அக்கரையிலுள்ள குறிகட்டுவானுக்கு லோஞ்ச், அங்கிருந்து பஸ். வாடைக் காற்றுக் காலத்தில் குறிப்புகளைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டு, தலை சுற்ற, வாந்தியை அடக்கிக்கொண்டு போவாள். கடல் அடித்து லோஞ்ச் ஓடாத நாட்களில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிவிடுவாள். கணவன் வேதநாதன் காலைப் பூசை முடித்துக் குசினிக்குள் நுழைவார். "குருக்களைப் பானை சட்டியோடை விட்டிட்டு மனிசி படிக்கப் போறா" என்று இனசனம் கதைத்தது. அவர் காதிலும் விழுந்தது. அடுத்த வாரம் கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கப் பழகிக்கொண்டார்.

பரீட்சைகளில் பைரவிதான் முதலாவது. தன் வயதில் பாதி உள்ள பிள்ளைகள் அவளிடம் குறிப்பு வாங்கிப் படித்தார்கள். தனக்கு இது கைவந்துவிட்டது என்று அவளுக்குள் ஒரு நினைப்பு வந்ததும் உண்மைதான்.

மதிப்பீட்டுக்காக, பாவனையில் இல்லாத களஞ்சிய அறை ஒன்றை அதிபர் வெள்ளையடித்துக் கொடுத்தார். சாருகாவும், மெதுவாகக் கற்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் அங்கே வந்தார்கள். பார்க்க வந்த விரிவுரையாளர் மிதுஷாவுக்கு முப்பதுகூட ஆகியிராது. லோஞ்சால் இறங்கி, மணல் ஒட்டிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மூலைக் கதிரையில் இருந்து பேசாமல் பார்த்தாள்.

பாடம் அழகாகப் போனது. சாருகா நிறத்துக்கு நிறம் கட்டைகளைப் பிரித்தாள், படத்துக்குப் படம் பொருத்தினாள். முடிந்ததும், ஒரு வாளித் தண்ணீரில் கை அளைந்து விளையாடினாள். உலகத்தில் அவளுக்கு அதைவிடப் பிடித்தது வேறில்லை. அவள் வாளியைத் திரும்பிப் பார்த்த உடனேயே பைரவி மூடியைத் திறந்து கொடுத்துவிட்டாள்.

பிள்ளைகள் போனபின் மிதுஷா கேட்டாள்: "ரீச்சர், சாருகா இண்டைக்கு என்ன செய்தவ?"

"நீங்கள் பார்த்தனீங்கள் தானே, மிஸ். நிறம் பிரிச்சவ, படம் பொருத்தினவ."

"அது நீங்கள் செய்தனீங்கள். அவவின்ர கையைப் பிடிச்சு நீங்கள் செய்தனீங்கள்." மிதுஷாவின் குரலில் கடுமை இல்லை, தயக்கமும் இல்லை. "அவ ஒண்டைத் தேடமுன்னம் நீங்கள் எடுத்துக் குடுக்கிறியள். அவவுக்குக் கேக்கவேண்டிய தேவையே வரேல்லை. பிள்ளையிலை உங்களுக்கு இருக்கிற அன்பு தெரியுது. ஆனா இந்த மதிப்பீட்டிலை நான் உங்களைச் சித்தியாக்க ஏலாது. அடுத்த தவணை திரும்ப வருவன்."

பைரவி தலையாட்டினாள். லோஞ்ச் வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டும் வந்தாள். வீட்டுக்கு வந்து கணவனுக்கு முன்னால்தான் உடைந்து போனாள்.

"என்ர வயசிலை பாதி அவவுக்கு. ஒரு மணித்தியாலம் பார்த்திட்டு எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டுப் போறா. எனக்கு இது வேண்டாமப்பா. விடுறன்."

வேதநாதன் சோற்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அழுது முடியும்வரை இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பிள்ளை சொன்னது பொய்யோ?"

பொய்யென்றால் பைரவிக்கு இவ்வளவு நொந்திருக்காது.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தாள். வாளியில் கிணற்று உவர்த்தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி அழுத்தினாள். வாளியின் படம் ஒன்றை மட்டையில் ஒட்டி, சாருகாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். பிறகு வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமர்த்திக்கொண்டாள். அமர்த்தாவிட்டால் அவை தாமாகப் போய்த் திறந்துவிடும்.

சாருகா வந்தாள். மூடியைத் தட்டினாள், பிறாண்டினாள். பைரவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் வீரிட்டு அழத் தொடங்கினாள். சத்தம் கேட்டு நிலாந்தி யன்னலுக்கு ஓடிவந்தாள்.

"ரீச்சர், திறந்து விடுங்கோவன்! என்னாலை பாத்துக்கொண்டு நிக்க ஏலாது."

"எனக்கும் ஏலாது நிலாந்தி," என்றாள் பைரவி. அவள் கண்ணிலும் நீர் நின்றது. "ஆனா நான் திறந்தா அவ நாளைக்கும் அழத்தான் வேணும். எப்பிடிக் கேக்கிறதெண்டு அவவுக்குத் தெரியவேணும்."

அன்று வாளி திறக்கவில்லை. அழுகை அடங்கியதும் சாருகாவைக் கட்டைகளுக்குக் கூட்டிப்போனாள். அடுத்த நாளும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் கதை பரவியது. பேச்சில்லாத பிள்ளையைக் குருக்கள் பெண்சாதி அழவைக்கிறாள் என்றார்கள். அதிபர்கூட ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கேட்க நினைத்ததைக் கேட்காமல் திரும்பினார். விரிவுரையில் படித்திருந்தபடி, பிள்ளை மட்டையைத் தற்செயலாகத் தொட்டாலும் உடனே திறக்கவேண்டும் என்று பைரவி காத்துக்கொண்டிருந்தாள். முன்பு மனப்பாடம் செய்து புள்ளி வாங்கிய வரி அது. இப்போதுதான் அதன் கனம் தெரிந்தது.

அந்த வாரம் முடியமுன், அழுது களைத்த சாருகா கைக்கெட்டியதை எடுத்து வீசினாள். அது வாளிப் படம். பைரவியின் மடியில் வந்து விழுந்தது.

"வாளி! திற!" என்று பைரவி கத்தியே விட்டாள். மூடி பறந்தது. சாருகா திகைத்துப்போய்த் தண்ணீரைப் பார்த்தாள், மட்டையைப் பார்த்தாள். முழங்கை வரை கையை விட்டு அளைந்தாள். பைரவி சிறிது நேரத்தில் மூடியைத் திரும்ப அழுத்திவிட்டு மறுபடி கைகளின்மேல் இருந்தாள். சாருகா யோசித்தாள். மட்டையை எடுத்தாள். இந்த முறை எறியவில்லை. பைரவியின் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் வைத்தாள்.

யன்னலுக்கு வெளியில் நின்ற நிலாந்தி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். பிறந்த இத்தனை வருடத்தில் மகள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதற்தடவை.

அதன்பிறகு தண்ணீர்க் குவளைக்கு ஒரு படம் வந்தது, ஊஞ்சலுக்கு ஒன்று வந்தது. போதும் என்று சொல்ல, "காணும்" என்பதற்கும் ஒன்று. றஜீபன் அவற்றுக்கு ஓட்டை போட்டு, லோஞ்சின் மெல்லிய கயிற்றில் கோத்துச் சுவரில் கட்டிக்கொடுத்தான். சாருகா கையைக் கடிப்பது குறைந்தது.

அடுத்த தவணை மிதுஷா வந்தபோது தனியாக வரவில்லை. இறுதி மதிப்பீடு என்பதால் புறப் பரீட்சகராக நாகமுத்து என்ற ஓய்வுபெற்ற கல்வி அதிகாரியும் வந்திருந்தார். பாடத்திட்டத்தை வாங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதியிருந்த நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற மனிதர்.

புது முகங்களைக் கண்டதும் சாருகா மேசைக்குக் கீழே போய்விட்டாள். பைரவி அவளை இழுக்கவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளோடும் பாடத்தைத் தொடங்கினாள். நாகமுத்து எதையோ குறித்துக்கொண்டார். அதைக் கண்டும் பைரவி மேசைக்கடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாடத்தின் நடுவில் சாருகா வெளியே வந்தாள். சுவருக்குப் போய் வாளிப் படத்தைக் கழற்றினாள். பைரவியைத் தாண்டி நடந்தாள். நேரே மிதுஷாவிடம் போய், அவள் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் படத்தை வைத்தாள்.

மிதுஷா நிமிர்ந்து பைரவியைப் பார்த்தாள். பைரவி கதிரையில் அசையாமல் இருந்தாள். மிதுஷா பேனையை வைத்துவிட்டு எழுந்து வாளியண்டை போய் மூடியை இழுத்தாள். அது அசையவில்லை. இறுக்கி மூடியிருந்தது. சாருகா அவளுடைய விரலைப் பிடித்து, மூடியின் விளிம்பில் சின்ன வெடிப்பு இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அப்போதும் வரவில்லை.

"அந்தப் பக்கத்தாலை நெம்பும், பிள்ளை," என்று நாகமுத்து தன்னை மறந்து கதிரையை விட்டு எழுந்து வந்தார்.

மூடி ஒரேயடியாகக் கழன்றது. தண்ணீர் மிதுஷாவின் சேலையிலும் பரீட்சகரின் காற்சட்டையிலும் அடித்தது. சாருகா கலகலவென்று சிரித்தாள். மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

பின்பு பைரவியைத் தனியே இருத்திக் கேட்டார்கள்.

"உங்கட திட்டத்திலை தண்ணி விளையாட்டுக் கடைசியிலை தானே? ஏன் நடுவிலை விட்டனீங்கள்?" என்றார் நாகமுத்து.

"அவ கேட்டவ, சேர். அறியாத ஒராளிட்டைப் போய்க் கேட்டவ. அதுக்குத்தானே இவ்வளவு பாடமும்."

"மூடி திறக்க ஏலாமல் நாங்கள் நிண்டம். நீங்கள் எழும்பி வரேல்லையே?"

"நான் வந்திருந்தா அவ திரும்ப என்னட்டைத்தான் வருவா. நான் இல்லாத இடத்திலும் அவவுக்குக் கேக்கத் தெரியவேணும்."

நாகமுத்து மிதுஷாவைப் பார்த்தார். அவள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "போன முறை நான் சொன்னதை மறக்கேல்லைப் போலை," என்றாள்.

"மனப்பாடம், மிஸ்," என்றாள் பைரவி. மூவருமே சிரித்துவிட்டார்கள்.

பெறுபேறு வந்த அன்று காலைக் கூட்டத்தில் அதிபர் இராசநாயகம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எங்கட தீவிலை, எங்கட பள்ளிக்கூடத்திலை, விசேட கல்வியிலை தகைமை பெற்ற முதல் ஆசிரியை" என்று சொல்லி, பெயரைச் சொல்லமுன் ஒலிவாங்கியைத் தாழ்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிள்ளைகளே பெயரைக் கத்தினார்கள். வேதநாதன் அன்று பூசைக்கு வந்த எல்லோரிடமும், கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும், "என்ர மனிசி பாஸ்" என்று சொல்லி விபூதி கொடுத்தார். கனடாவிலிருந்து வந்து நின்ற ஒருவர், என்ன பரீட்சை என்று கேட்டு மாட்டிக்கொண்டு, முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் லோஞ்ச் ஏறினார்.

புதிய தவணையில் அலகு முறையாகத் திறந்தது. முதல்நாள் மூன்று பிள்ளைகளை எதிர்பார்த்து மூன்று கதிரைகள் போட்டிருந்தார்கள். மணி அடித்துச் சிறிது நேரத்தால், தீவின் தெற்கு ஓரத்திலிருந்து ஒரு தகப்பன் சைக்கிளில் பெரிய பையன் ஒருவனை இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் எவரும் அவனைக் கண்டதில்லை. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோவிலுக்கு நாளும் போய்வரும் பைரவிக்கே அப்படி ஒரு பிள்ளை அங்கே இருப்பது தெரியாது.

"வீட்டுக்கையே வைச்சிருந்தனாங்கள்," என்றார் தகப்பன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "இப்பிடிப் பிள்ளையளுக்கெண்டு படிச்ச ஒரு ரீச்சர் இஞ்சை இருக்கிறா எண்டு கேள்விப்பட்டு வந்தனான். அவவைப் பாக்கலாமோ?"

பைரவி வாசலுக்கு வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஓம் அண்ணை, நான்தான் அது. பிள்ளையை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள்.